சனிக்கிழமைக் கம்பி

எங்கள் தெருவில் யார் வீட்டுக் குளியலறையில் தண்ணீர் தேங்கி நின்றாலும் முதலில் என் வீட்டுக்காரரைத்தான் கூப்பிடுவார்கள். பிளம்பர் எல்லாம் அதற்கு அப்புறம்தான். தரை போடுவது அவர் தொழில். நாற்பது வருஷமாக வேறு எதையும் செய்ததில்லை. சிமெண்ட், மொசைக், டைல்ஸ் என்று காலத்துக்குத் தகுந்தாற்போல் சாமான் மாறியது, மனுஷன் மாறவில்லை. தரைக்கு வாட்டம் சரியாக இருக்க வேண்டும், ஊற்றின தண்ணீர் யாரும் தள்ளிவிடாமல் தானே ஓட்டையைத் தேடிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த நியாயம். அதனால் அவருக்கு வாட்டக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. தபால்காரர்கூட அப்படித்தான் கேட்டுக்கொண்டு வருவார்.

யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் தரையைப் பார்ப்பார். என் அக்கா புது வீடு கட்டி எங்களைக் கூப்பிட்டபோது, சட்டைப் பையிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்துக் கூடத்தில் உருட்டினார். அது நேராகப் போய் அலமாரிக்கு அடியில் நின்றது. "அந்த மூலை அரை விரக்கடை இறக்கம்" என்றார், அரை விரல் அகலம்தான். வாழ்த்துச் சொல்ல வந்த மனுஷன் சொன்ன முதல் வார்த்தை அது. அக்கா இரண்டு வருஷம் அவரோடு பேசவில்லை. ஆனால் அந்த மூலையில்தான் தண்ணீர் தேங்குகிறது என்று எனக்கு மட்டும் போனில் ரகசியமாகச் சொல்லுவாள்.

இப்படிப்பட்டவர் தன் வீட்டை எப்படிக் கட்டியிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். சின்ன வீடுதான். கீழே மூன்று அறை, மாடியில் ஒரு பெரிய அறை. ஆனால் தரையைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். அதிலும் பின்கட்டு நடையில் சிவப்பும் கறுப்புமாகக் கட்டம் போட்டு அவர் இழைத்த சிமெண்ட் தரை இருக்கிறதே, குனிந்தால் முகம் தெரியும். அந்த நடையின் ஒரு முனையில் குளியலறையும் கழிப்பறையும். இன்னொரு முனையில் கொல்லைக் கதவு. கதவுக்கு வெளியே செப்டிக் டேங்க். குளியலறையிலிருந்து தொட்டிக்குப் போகிற குழாய் அந்தப் பளபளக்கிற தரைக்கு அடியில்தான் ஓடுகிறது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கதையே அதில்தான் இருக்கிறது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவர் கொல்லைக்குப் போவார். சுவரோரம் சாய்த்து வைத்திருக்கும் நீளக் கம்பியை எடுத்துக்கொண்டு, தொட்டி ஓரத்துச் சின்ன மூடியைத் திறந்து, முழங்காலிட்டு, குழாய்க்குள் கம்பியை விட்டு ஆட்டுவார். அரை மணி நேரம். அப்புறம் இரண்டு வாளி தண்ணீர். அப்புறம் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் டீ. மழை, காய்ச்சல், முதுகுவலி எதுவும் கணக்கில்லை. கல்யாணமான புதிதில் வேறு வாடகை வீட்டில் இருந்ததால் எனக்குத் தொட்டி சமாச்சாரம் எதுவும் தெரியாது. ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். செப்டிக் டேங்க் என்றால் வாராவாரம் கம்பி விட்டாக வேண்டும், அப்போதுதான் அது ஆயுசோடு இருக்கும் என்றார். நானும் நம்பினேன். நம்பினது மட்டுமா, பக்கத்து வீட்டு அக்காவிடம் போய், "உங்க வீட்டுல கம்பி விடறதில்லையா? அப்பறம் தொட்டி எப்படி உருப்படும்?" என்று வேறு கேட்டுவிட்டு வந்தேன். அவள் ஒரு மாதிரியாகச் சிரித்தாள். சோம்பேறிக் குடும்பம் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பி மட்டும் போதாது, எங்கள் வீட்டுக்கென்று சட்டதிட்டங்களும் உண்டு. துணி துவைத்த தண்ணீர் செடிக்குத்தான் போக வேண்டும். ஒருவர் குளித்த உடனே இன்னொருவர் குளிக்கக் கூடாது, கால் மணி நேரம் இடைவெளி விட வேண்டும். மழைக்காலத்தில் மண்ணே தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பிக்கொண்டிருப்பதால், தொட்டித் தண்ணீர் இறங்குகிற உறிஞ்சு குழி உறிஞ்சாது, அப்போது இன்னும் கெடுபிடி. விருந்தாளி என்றால் மூன்று நாள். நாலாம் நாள் காலையில் குளியலறை ஓட்டை களக் களக் என்று பேச ஆரம்பித்துவிடும். அது பேச ஆரம்பித்தால் விருந்தாளி பெட்டியைக் கட்ட ஆரம்பித்துவிடுவார்.

எங்கள் ஒரே மகளுக்கும் அதே சட்டம்தான். அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். வெளியூரில் வேலை. புருஷனையும் நாலு வயதுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வருவாள், மூன்றாம் நாள் சாயங்காலம் இவர் முகம் மாறும், கொல்லைக்கும் குளியலறைக்கும் நடப்பார், "எப்பம்மா கிளம்பறீங்க, பஸ்ஸுல இடம் கிடைக்குமா?" என்று கேட்பார். அவள் துணிகளை மடிக்க ஆரம்பிப்பாள். வாசலில் நின்று கையசைத்துவிட்டு உள்ளே வந்தால் எனக்கு வீடே பிடிக்காது. ஊரெல்லாம் எலும்பைப் பார்த்துச் சொல்கிற பெண்ணுக்கு, தன் வீட்டுத் தரைக்கடியில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரிந்ததா என்ன.

போன வருஷம் இரண்டு விஷயம் ஒன்றாக நடந்தது. மகளுக்கு எங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலேயே வேலை கிடைத்தது. எங்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடையும் வந்தது. தெரு நடுவில் எட்டடிக்குப் பள்ளம் தோண்டி, பெரிய குழாயைப் பதித்து, மூடிவிட்டுப் போனார்கள். வீட்டுக்கு வீடு நோட்டீஸ் வந்தது. இணைப்பு வேண்டும் என்கிறவர்கள் மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், அதன் பிறகு புது ரோடு போட்டுவிடுவார்கள், ஐந்து வருஷத்துக்கு யாரும் ரோட்டை வெட்ட முடியாது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மாடி அறை காலியாகக் கிடக்கிறது. இணைப்பு வந்துவிட்டால் மூன்று நாள் சட்டம் ஒழிந்தது, மகள் குடும்பத்தோடு வந்து மாடியில் இருந்துகொள்ளலாம், பேத்தி தினமும் என் கண்முன்னால் வளருவாள். இதற்கு மேல் எனக்கு வேறு ஆசையே கிடையாது. உடனே மகளுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

வாட்டக்காரர் வேண்டாம் என்றுவிட்டார்.

காரணம் கேட்டால் ஒரு நாளைக்கு ஒன்று. ரோடு நம் வீட்டைவிட ஒரு அடி உயரம், தண்ணீர் மேலே ஏறுமா என்றார். தெருக் குழாய் அடைத்துக்கொண்டால் ஊர் அழுக்கு மொத்தமும் நம் வீட்டுக்குத் திரும்பி வரும் என்றார். தொட்டிக்கு மாதக் கட்டணம் கிடையாது, பாதாளச் சாக்கடைக்கு உண்டு, சாகிற வரைக்கும் அழ வேண்டும் என்றார். கடைசியில், "நம்ம அழுக்கை நம்ம மண்ணுக்குள்ளயே வச்சுக்கறதுதான் மரியாதை" என்று ஒரு தத்துவம் வேறு சொன்னார். இத்தனை வருஷத்தில் அவர் தத்துவம் பேசி நான் கேட்டதே இல்லை. சந்தேகம் அப்போதே வந்திருக்க வேண்டும்.

நான் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்க்கிறவள். ஒரு விஷயம் தெரியவில்லை என்றால் தேடாமல் விட மாட்டேன். ஒரு தாளை நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் தொட்டி, இன்னொரு பக்கம் பாதாளச் சாக்கடை என்று எழுதி, அவர் சொன்ன காரணங்களை எல்லாம் அந்தந்தப் பக்கத்தில் குறித்து எடுத்துக்கொண்டேன். மத்தியானம் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நேராகக் கழிவுநீர் அலுவலகத்துக்குப் போனேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வாசலிலேயே மடக்கியிருப்பார்.

அங்கே பொறியாளர் ஒரு பெண். தலைக்கவசத்தை மேஜைமேல் கவிழ்த்து வைத்து, அதற்குள் சாவிக்கொத்தைப் போட்டு வைத்திருந்தாள். நான் தாளை நீட்டினதும் சிரிக்காமல் வாங்கி, ஒவ்வொரு வரியாகப் பொறுமையாகப் பதில் சொன்னாள். ரோடு உயரமாக இருந்தால் என்ன, குழாய் எட்டடி ஆழத்தில் இருக்கிறது, உங்கள் வீட்டிலிருந்து அது இறக்கம்தான் என்றாள். திரும்பி வருமோ என்று பயமாக இருந்தால் வாசலில் மூடி போட்டுக் கட்டுகிற சேம்பரில் ஒருவழி வால்வு வைத்துக்கொள்ளலாம், தண்ணீர் போகும், வராது. கட்டணம் உண்டுதான், ஆனால் தொட்டியும் சும்மா இருப்பதில்லை, லாரி கூப்பிட வேண்டும், உறிஞ்சு குழி ஒருநாள் செத்துப் போகும், அப்போது புதுக்குழிக்கு இடம் வேண்டும். பெரிய தோட்டம், நல்ல மணல் மண், பக்கத்தில் கிணறு இல்லை, வீட்டில் இரண்டு பேர் என்றால் தொட்டியே போதும், நானே வேண்டாம் என்று சொல்வேன் என்றாள். எங்கள் கொல்லையோ பத்தடி. மண்ணோ களிமண். வரப்போகிறவர்கள் மூன்று பேர்.

எனக்கு அவளைப் பிடித்துப்போனது. எழுந்திருக்கும்போது, இனிமேல் எங்கள் வீட்டுக்காரருக்கு வாராவாரம் கம்பி விடுகிற வேலை மிச்சம் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"வாராவாரமா?"

"ஆமா. எல்லா சனிக்கிழமையும்."

"தொட்டிக்கு யாரும் கம்பி விட மாட்டாங்கம்மா. மூணு வருஷத்துக்கு ஒருதடவ லாரி வந்து உறிஞ்சிட்டுப் போனா போதும். வாராவாரம் அடைக்குதுன்னா அது தொட்டி இல்ல, குழாய். உள்ள எங்கயோ வாட்டம் தப்பியிருக்கு."

தப்பியிருக்கிறதா? வாட்டமா? எங்கள் வீட்டிலா? நான் அப்படியே திரும்பவும் உட்கார்ந்துவிட்டேன். அவள் தண்ணீர் கொடுத்தாள். அப்புறம் இன்னொன்றும் சொன்னாள். இணைப்புக் கொடுப்பதற்கு முன் வீட்டுக் குழாயில் சோதனை உண்டு. நீலச் சாயம் கலந்த ஒரு வாளித் தண்ணீரைக் கழிப்பறையில் ஊற்றி, அது எவ்வளவு நேரத்தில் வெளியே வருகிறது என்று பார்ப்பார்கள். நின்று நின்று வந்தால் தரையை உடைத்துக் குழாயை மாற்றிய பிறகுதான் இணைப்பு.

பஸ்ஸில் வரும்போது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ரோடு உயரமும் இல்லை, மண்ணாங்கட்டித் தத்துவமும் இல்லை. அந்த வேலைக்கு வரப்போகிற ஆட்களில் பாதிப் பேர் இவரிடம் தொழில் பார்த்தவர்கள். அரை விரக்கடை தப்பினதற்கெல்லாம் இவரிடம் திட்டு வாங்கினவர்கள். அவர்கள் முன்னால் நீலத் தண்ணீர் வராமல் நிற்கும். மனுஷன் அதற்குத்தான் பயந்து நடுங்குகிறார். இருபத்தொன்பது வருஷம் என்னை ஒரு முட்டாளாக்கி வைத்திருந்தாரே என்று வயிறு எரிந்தது. பக்கத்து வீட்டு அக்காவின் சிரிப்பு ஞாபகம் வந்ததும் இன்னும் கொஞ்சம் எரிந்தது.

வீட்டுக்குப் போனதும் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்றுதான் இருந்தேன். வாசலில் கால் வைக்கும்போதே மகள் போன் வந்தது. ஊரின் அந்தக் கோடியில் ஒரு வாடகை வீடு பார்த்திருக்கிறார்களாம், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும், திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். அப்பா இன்னும் வேண்டாம் என்றுதான் சொல்கிறாரா என்று கேட்டாள். நான் மழுப்பினேன்.

"ஏம்மா, அப்பாவுக்கு நாங்க வர்றது பிடிக்கலையா? பிடிக்கலன்னா சொல்லிடும்மா. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

நினைத்துக்கொள்ள மாட்டாளாம். குரல் அப்படிச் சொல்லவில்லை. எனக்குக் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவரிடம் அன்றைக்கு நான் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. ஆறு மணிக்கு அவர் கொல்லைக்குப் போனதும் நானும் பின்னாலேயே ஒரு முக்காலியை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். நாற்றம், நீ ஏன் இங்கே வந்தாய் என்றார். இருக்கட்டும் என்றேன். அவர் முழங்காலுக்கு அடியில் மடித்த சாக்கு ஒன்று இருந்தது. அது எத்தனையாவது சாக்கோ. இப்போதெல்லாம் ஒரு கையைச் சுவரில் ஊன்றித்தான் குனிகிறார் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். நான் அலுவலகத்துக்குப் போனதைச் சொன்னேன். ஊர் உலகத்தில் யாரும் வாராவாரம் கம்பி விடுவதில்லையாமே என்றேன். கம்பி நின்றுவிட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"உங்களுக்கு நாங்க வர்றது பிடிக்கலையான்னு உங்க பொண்ணு கேக்குறா" என்றேன்.

அதற்குத்தான் திரும்பினார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கம்பியை அப்படியே கீழே போட்டுவிட்டுச் சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு சொன்னார். வீடு பாதி முடிந்து நாங்கள் குடிவந்திருந்த சமயம். நான் நிறைமாசம், இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அன்றைக்கு அவர் பள்ளத்தில் இறங்கிக் குழாய்க்கு மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். மட்டம் பார்க்க லெவல் டியூப் என்று ஒன்று வைத்திருப்பார்கள். கண்ணாடி மாதிரி தெரிகிற நீள டியூபில் தண்ணீரை நிரப்பி இரண்டு முனையையும் பிடித்தால், இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். அதை வைத்துக் கோடு போட வேண்டும். ஆனால் டியூபுக்குள் காற்றுக் குமிழி ஒன்று மாட்டிக்கொண்டால் போச்சு, கோடு பொய் சொல்லும். வேலைக்கு வருகிறவர்களிடம் ஒரு நாளைக்கு நூறு தரம் "குமிழி பாத்தியா, குமிழி பாத்தியா" என்று கேட்கிறவர் இவர். அன்றைக்கு நான் பேசிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டிலிருந்து அந்த அக்கா ஓடிவந்து, எனக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார்கள் என்று சொல்லியிருக்கிறாள். இவர் கோட்டைக் கிழித்தார், குழாயை இறக்கினார், மழை வருகிற மாதிரி இருந்ததால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். குமிழி பார்க்கவில்லை. குழந்தையோடு நான் வீட்டுக்கு வரும்போது நடை மண்ணாகக் கிடக்கக் கூடாது என்று, நான் ஆஸ்பத்திரியில் இருந்த ஐந்து நாளில் ராப்பகலாக அந்தத் தரையை இழைத்து முடித்தார்.

அடுத்த மாதமே அடைத்துக்கொண்டது. கம்பி விட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, தொட்டிப் பக்கம் இரண்டு விரக்கடை மேலே போய்விட்டது என்று. தண்ணீர் குழாய்க்குள்ளேயே நின்றது.

"அப்பவே உடைச்சிருக்கலாமில்ல? என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

அவர் கையிலிருந்த அழுக்கைச் சாக்கில் துடைத்துக்கொண்டார்.

"அவ பொறந்த அன்னிக்கு நடந்தது. சொன்னா, அவ பொறந்த நேரம் இப்படின்னு ஒரு வாய் சொல்லிடும். ஒரு தரம் சொல்லிட்டா அது வீட்டுல தங்கிடும். அதான், கம்பியோட போகட்டும்னு விட்டுட்டேன்."

எந்த வாய் என்று நான் கேட்கவில்லை. எனக்கு என் வாயைப் பற்றித் தெரியும். அந்த வயதில் நான் சொல்லியிருப்பேன். ஒருமுறை இல்லை, குளியலறை அடைக்கும்போதெல்லாம் சொல்லியிருப்பேன், விளையாட்டாகத்தான், ஆனால் சொல்லியிருப்பேன். அந்தப் பெண் அதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்திருப்பாள். அதற்காக ஒரு மனுஷன் இருபத்தொன்பது வருஷம் சனிக்கிழமை தூக்கத்தை விட்டிருக்கிறார். கடைசியில் எந்தப் பெண்ணுக்காகச் செய்தாரோ, அந்தப் பெண்ணையே அது மூன்று நாளுக்கு மேல் வீட்டில் தங்க விடவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர், நாற்றத்தில் உட்காராதே என்று சொன்னேன் கேட்டாயா என்றார்.

டீ குடிக்கும்போது அவரே, "எழுதிக் குடுத்துடு" என்றார். அந்த வாடகை வீடு வேண்டாம் என்று மகளுக்கு உடனே போன் போட்டேன்.

வேலை பத்து நாள் கழித்து நடந்தது. அதற்குள் லாரி வந்து தொட்டியைக் காலி செய்துவிட்டுப் போனது. அன்றைக்குக் காலையிலேயே மகளும் மாப்பிள்ளையும் பேத்தியும் வந்துவிட்டார்கள். பொறியாளர் பெண் வந்தாள். நாலு ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தலைமை, தாடி என்று எல்லோரும் கூப்பிடுகிற மேஸ்திரி. இவரிடம் எட்டு வருஷம் வேலை பார்த்தவர், இவரிடம் வாங்கிய திட்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதாது. பொறியாளர் நீலத் தண்ணீரை எடுக்கச் சொன்னாள். தாடி வாளியைத் தூக்கிக்கொண்டு, "வாட்டக்காரர் வீட்டுக்கு எதுக்கும்மா சோதனை, கண்ணை மூடிட்டு எழுதுங்க" என்று சிரித்தார். நான் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஊத்த வேணாம்" என்றார் இவர். "வராது. நான்தான் போட்டேன். டியூப்ல குமிழி இருந்தது, பாக்கல. தொட்டிப் பக்கம் ரெண்டு விரக்கடை ஏத்தம்."

தாடி வாளியைக் கீழே வைத்துவிட்டார். இவர் கடப்பாரையை எடுத்து, முகம் தெரிகிற அந்தத் தரையில், கறுப்புக் கட்டத்தின் நடுவில் முதல் போடு போட்டார். நாங்கள் கொண்டாடின தரை. அடுத்தவர் யாரையும் கை வைக்க விடவில்லை. ஒரு கோடாகக் கீறிக்கொண்டு போய்க் குழாயைத் திறந்ததும், தாடி டார்ச் அடித்து உள்ளே பார்த்தார், தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. அவர் நிமிர்ந்து இவரைப் பார்த்தார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"அண்ணே, எங்க வீட்டுல சமையலறையைக் கழுவினா தண்ணி கட்டிலுக்கு அடியிலதான் போகும். ஆறு வருஷமா ஈரத்துணி வச்சுத் துடைக்கிறேன். யார்கிட்டயும் சொன்னதில்ல."

இன்னொரு ஆள், தன் வீட்டு மாடியில் மழைநீர் குழாயைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போகும் என்றார். பொறியாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கிற்று. இவர் பள்ளத்தில் நின்றபடியே முதலில் மூக்கால் சிரித்தார், அப்புறம் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. முதுகிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த ஆள் மாதிரி நின்றார்.

மகள் நடையோரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். எந்த நாள், ஏன் அவசரம் என்றெல்லாம் அவரே அவளிடம் சொன்னார். சொல்லிவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, "உன்னை வர வேண்டாம்னு நினைச்சதில்லம்மா" என்றார். அவள் பள்ளத்தின் விளிம்பில் வந்து உட்கார்ந்து, அவர் தலையில் ஒட்டியிருந்த சிமெண்ட் தூளைத் தட்டிவிட்டாள்.

"ரெண்டு வாரம் முன்னாடியே கிளம்பி வந்தது என் தப்புதான்ப்பா. இந்தத் தடவ சொல்லிட்டுத்தான வந்திருக்கேன்."

மாப்பிள்ளை லெவல் டியூபின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார், இவர் இன்னொரு முனையை. பேத்திக்குக் குமிழி பார்க்கிற உத்தியோகம். அவள் டியூபின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மூக்கை ஒட்டிக்கொண்டு நடந்து, இல்லை என்றாள். இவர் இன்னொரு தரம் பார்க்கச் சொன்னார். மூன்றாவது தரமும் பார்க்கச் சொன்னார். புதுக்குழாய் நடைக்கு அடியில் ஓடி, பக்கச் சந்தில் திரும்பி, வாசல் சேம்பருக்குப் போனது. சாயங்காலம் பொறியாளர் வாசலில் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார, தாடி உள்ளே வாளியைக் கவிழ்த்தார். வாசலில் இவர் எண்ணினார். பதினொன்று எண்ணும்போது நீலம் வந்தது, தயங்காமல், ஒரே ஓட்டமாக. எழுதிக்கொள்கிறேன் என்று பொறியாளர் எழுந்தாள். இன்னொரு வாளி ஊற்றச் சொல்லுங்கள் என்றார் இவர். அதற்கப்புறம் இன்னொன்று. பேத்தி நாலாவது வாளி கேட்டபோது நான்தான் போதும் என்று நிறுத்தினேன்.

தொட்டியின் அடியில் துளை போட்டு மணலை நிரப்பி மூடினார்கள். நடையை இவரே திரும்பவும் இழைத்தார். எவ்வளவு முயன்றும் புதுச் சிவப்பு பழைய சிவப்போடு சேரவில்லை, நடை நடுவில் ஒரு பட்டை தனியாகத் தெரிகிறது. டைல்ஸ் போட்டு மறைத்துவிடலாமே என்று என் அக்கா சொன்னாள். வேண்டாம் என்றுவிட்டார். இப்போது யார் வந்தாலும் அந்தப் பட்டையைக் காட்டி, குமிழிக் கதையை முதலிலிருந்து சொல்கிறார். என் அக்காவுக்குச் சொன்ன அன்றைக்கு அவள் அடைந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. ஒரே கதையை முப்பது தரம் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது, ஆனால் நிறுத்தச் சொல்ல மனசு வரவில்லை.

மாதாமாதம் கட்டணம் வருகிறது, கட்டுகிறோம். கம்பியை நான் அவரைக் கேட்காமலேயே அவரைக்கொடிக்குப் பந்தல்காலாக நட்டுவிட்டேன். மணல் நிரப்பின தொட்டிக்கு மேலே கொடி நன்றாகப் படர்கிறது.

மகள் குடும்பம் மாடிக்கு வந்த முதல் சனிக்கிழமை. ஆறு மணிக்கு எனக்கு விழிப்பு வந்துவிட்டது, பழக்கம். பக்கத்தில் பார்த்தால் அவர் கட்டிலிலேயே இருந்தார், வாயைத் திறந்துகொண்டு, குறட்டையோடு. ஏழு மணிக்கு மாப்பிள்ளை குளித்தார். அவர் வந்த சூட்டோடு மகள் குளித்தாள். அவள் வந்த சூட்டோடு நான் குளித்தேன். ஒருவருக்கும் இடைவெளி இல்லை. களக் களக் இல்லை. தண்ணீர் போகிற சத்தம் நடைக்கு அடியில் ஓடிச் சந்துப் பக்கம் திரும்பித் தேய்ந்து மறைந்தது. எட்டரை மணிக்குப் பேத்தி எங்கள் அறை வாசலில் வந்து நின்று, தாத்தாவை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"தாத்தாவுக்கு உடம்பு சரியில்லையா பாட்டி?"

"நல்லாத்தான் இருக்காரு. எழுப்பாத கண்ணு" என்றேன். "தாத்தாவுக்கு இன்னிக்கு லீவு."